சர்வதேசப் பள்ளிகள்: சுதந்திரமும் சமுதாயக் கடமையும்

மூன்று வயதில் மழலையர் வகுப்பில் சேரும் குழந்தை, பதினெட்டு வயதில் பல்கலைக்கழக வாயிலை அடையும் வரை ஒரே வளாகத்தில் பயிலும் பள்ளிகள் நம் நாட்டில் பெருகி வருகின்றன. ஆண், பெண் இருபாலரும் சேர்ந்து பயிலும் இப்பள்ளிகள் அரசின் நிதியுதவியைப் பெறுவதில்லை. பல நாடுகளின் பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொள்ளும் பாடத்திட்டத்தை நடத்துகின்றன. 'சர்வதேசப் பள்ளிகள்' என்ற பொதுப்பெயரால் இவை வழங்குகின்றன.

தொகையில் இவை மிகச் சிறியவை. 2023-24ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியாவில் சுமார் 14.7 லட்சம் பள்ளிகள் உள்ளன. அவற்றில் சுமார் 24.8 கோடி மாணவர்கள் பயில்கின்றனர். அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் மட்டும் சுமார் 3.3 லட்சம். 'ஐ.பி.' எனச் சுருக்கமாக வழங்கும் இன்டர்நேஷனல் பாக்கலோரியட் திட்டத்தை நடத்தும் பள்ளிகளோ சில நூறே. எனினும், கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பதற்கேற்ப, இப்பள்ளிகள் எழுப்பும் வினாக்கள் பெரியவை. தனியார் கல்வி நிறுவனத்தின் சுதந்திரம் எதுவரை செல்லலாம்? அதனிடம் சமுதாயம் எதை எதிர்பார்க்கலாம்? இவற்றிலிருந்து நம் பொதுப் பள்ளிகள் கற்கத்தக்கவை எவை? பொருளாதாரம் பயிலும் மாணவர்களும் கல்வி நிர்வாகத்தில் ஈடுபட்டுள்ள அலுவலர்களும் இவ்வினாக்களுக்கு விடை காண்பது பயன்தரும்.

சொல்லும் பொருளும்

ஒரு பள்ளியை 'சுயேச்சைப் பள்ளி' என்னும்போது, அதன் செலவு மாணவர் கட்டணத்தாலும் நன்கொடையாலும் ஈடுசெய்யப்படுகிறது, அதன் நிர்வாகம் தனி அறக்கட்டளை அல்லது சங்கத்திடம் உள்ளது என்று பொருள். அரசின் சட்டங்களுக்கு அது அப்பாற்பட்டது என்று பொருளன்று.

'சர்வதேசப் பள்ளி' என்ற தொடரை மூன்று விதமாகப் பயன்படுத்துகிறோம். பல நாட்டு மாணவரும் ஆசிரியரும் கூடியுள்ள பள்ளி என்பது முதற்பொருள். பல நாடுகளில் ஏற்கப்படும் பாடத்திட்டத்தையும் தேர்வையும் உடைய பள்ளி என்பது இரண்டாவது. உலக மக்கள் அனைவரையும் ஒரு குடும்பமாகக் கருதும் மனப்பான்மையை வளர்க்கும் பள்ளி என்பது மூன்றாவது. இம்மூன்றும் ஒரே பள்ளியில் அமைவது அரிது. மாணவர் அனைவரும் ஒரே நகரத்தின் செல்வர் வீட்டுப் பிள்ளைகளாக இருந்தும் பாடத்திட்டம் மட்டும் சர்வதேசமாக இருக்கக்கூடும். பெயர்ப் பலகையில் இச்சொல்லைத் தாங்கிக்கொண்டு, மாநிலப் பாடத்திட்டத்தையோ மத்திய வாரியத்தின் பாடத்திட்டத்தையோ நடத்தும் பள்ளிகளும் உண்டு. ஆகவே பெயரைக் கொண்டு பள்ளியை மதிப்பிடலாகாது. அது எந்த அமைப்பின் அங்கீகாரத்தைப் பெற்றுள்ளது, எந்தத் தேர்வுக்கு மாணவரை அனுப்புகிறது என்பவற்றையே பார்த்தல் வேண்டும்.

தோற்றமும் வளர்ச்சியும்

முதல் உலகப் போருக்குப் பின் ஜெனீவா நகரில் சர்வதேச சங்கமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் இயங்கத் தொடங்கின. பல நாடுகளிலிருந்து அங்கு வந்து குடியேறிய அலுவலர்களின் குழந்தைகளுக்காக 1924-ல் ஜெனீவா சர்வதேசப் பள்ளி நிறுவப்பட்டது. அதே ஆண்டில் ஜப்பானில் யோகஹாமா சர்வதேசப் பள்ளியும் தோன்றியது. பெற்றோர் நாடுவிட்டு நாடு மாறும்போது குழந்தையின் படிப்பு இடையில் அறுபடக்கூடாது என்பதே இப்பள்ளிகளின் அடிப்படை நோக்கம்.

இந்நோக்கம் நமக்குப் புதிதன்று. மாற்றலுக்கு உட்பட்ட மத்திய அரசு ஊழியர்களின் குழந்தைகளுக்காக 1963-ல் தொடங்கப்பட்ட கேந்திரிய வித்யாலயங்கள் இதே தேவையிலிருந்து பிறந்தவை. ஜம்முவில் ஐந்தாம் வகுப்புப் படித்த குழந்தை, தந்தையின் மாற்றலால் திருச்சிக்கு வந்தாலும் அதே பாடநூலை, விட்ட இடத்திலிருந்து தொடர முடிகிறது. ஒரு நாட்டின் எல்லைக்குள் கேந்திரிய வித்யாலயம் செய்யும் பணியையே, நாடுகளின் எல்லை கடந்து சர்வதேசப் பள்ளி செய்ய முற்படுகிறது. மாஸ்கோ, டெஹ்ரான், காத்மாண்டு நகரங்களிலும் கேந்திரிய வித்யாலயங்கள் இயங்குவதை இங்கு நினைவுகூரலாம்.

இந்தியாவில் இவ்வகைப் பள்ளிகளின் வேர்கள் மூன்று திசைகளில் செல்கின்றன. முதலாவது, மலைநகரங்களில் கிறித்தவப் பணியாளர்கள் தம் பிள்ளைகளுக்காக நிறுவிய பள்ளிகள். முசௌரியின் லண்டூர் பகுதியில் 1854-ல் பெண்களுக்கான பள்ளியாகத் தொடங்கிப் பின்னர் இருபாலர் பள்ளியாக வளர்ந்த உட்ஸ்டாக் பள்ளியும், கொடைக்கானலில் 1901-ல் அமெரிக்கப் பணியாளர்கள் தொடங்கிய பள்ளியும் இவ்வகையின. கொடைக்கானல் பள்ளி 1976-ல் ஐ.பி. திட்டத்தை மேற்கொண்டு, இந்தியாவில் அதனை நடத்திய முதற்பள்ளி என்ற இடத்தைப் பெற்றது.

இரண்டாவது, விடுதலைக்குப் பின் தலைநகரில் வெளிநாட்டுத் தூதரகங்களைச் சார்ந்து எழுந்த பள்ளிகள். 1952-ல் புது டில்லியில் தொடங்கிய அமெரிக்கத் தூதரகப் பள்ளியும் 1963-ல் தொடங்கிய பிரிட்டிஷ் பள்ளியும் இதற்குச் சான்றுகள்.

மூன்றாவது வேர் நம் மண்ணிலேயே ஊன்றியது. இரவீந்திரநாத தாகூர் 1901-ல் சாந்திநிகேதனத்தில் தொடங்கிய பள்ளி, பிற்காலத்தில் உலகம் ஒரு கூட்டில் சந்திக்கும் இடமாக விசுவபாரதியை உருவாக்கும் எண்ணத்துக்கு விதையாயிற்று. புதுச்சேரியில் 1943-ல் சிறு பள்ளியாகத் தொடங்கிய ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமக் கல்விப்பணி, 1952-ல் பல்கலைக்கழக மையமாக விரிவடைந்து, 1959-ல் ஸ்ரீ அரவிந்தர் சர்வதேசக் கல்வி மையம் என்ற பெயரைப் பெற்றது. மழலையர் நிலை முதல் உயர்நிலை வரை பயிற்றும் இம்மையம் பட்டம் எதுவும் வழங்குவதில்லை. சர்வதேசக் கல்வி என்பது மேல்நாட்டுச் சான்றிதழ் மட்டுமன்று என்பதற்கு இவை எடுத்துக்காட்டுகளாகும்.

1991-க்குப் பின் பொருளாதாரக் கொள்கையில் நேர்ந்த மாற்றம் நான்காவது கட்டத்தைத் தோற்றுவித்தது. வெளிநாட்டு நிறுவனங்கள் பெங்களூர், மும்பை, ஹைதராபாத், சென்னை முதலிய நகரங்களுக்கு வந்தன. வெளிநாடுகளில் பணியாற்றிய இந்தியர் பலர் குடும்பத்தோடு திரும்பினர். நகர்ப்புறத்தில் உயர்வருவாய்ப் பிரிவினர் பெருகினர். இதன் பயனாக, மிஷனரிகளும் தூதரகங்களும் நடத்திய பள்ளிகளுக்கு அப்பால், உள்நாட்டு அறக்கட்டளைகளும் தொழில் நிறுவனங்களும் இத்துறையில் இறங்கின. 1997-ல் புனே அருகே தொடங்கிய மகிந்திரா ஐக்கிய உலகக் கல்லூரி இக்காலத்தது. கல்வியாளர் கர்ட் ஹானின் சிந்தனையில் 1962-ல் வேல்ஸ் நாட்டில் தொடங்கிய அட்லாண்டிக் கல்லூரியின் வழியில் அது வந்தது.

மழலை முதல் மேல்நிலை வரை

1968-ல் ஜெனீவாவில் நிறுவப்பட்ட ஐ.பி. அமைப்பு முதலில் பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளுக்கான பட்டயத் திட்டத்தையே வகுத்தது. 1994-ல் நடுநிலைத் திட்டமும், 1997-ல் தொடக்கநிலைத் திட்டமும், 2012-ல் தொழில்சார் திட்டமும் சேர்க்கப்பட்டன. கட்டடத்தின் மேல்மாடியை முதலில் எழுப்பிப் பின்னர் கீழ்த்தளங்களை அமைத்தாற்போன்ற இவ்வரிசைக்குக் காரணம் உண்டு. பல்கலைக்கழக அனுமதியே முதலில் உணரப்பட்ட தேவை. அதற்கு ஆயத்தம் செய்ய இளமையிலேயே தொடங்க வேண்டும் என்பது அனுபவத்தில் தெரிந்தது.

தொடக்கநிலைத் திட்டம் 3 முதல் 12 வயது வரை உள்ளோர்க்குரியது. இங்குப் பாடங்கள் தனித்தனிப் பெட்டிகளாகப் பிரிக்கப்படுவதில்லை. தண்ணீர் என்ற ஒரு பொருளை எடுத்துக்கொண்டால், அதன் அளவையைக் கணக்காகவும், ஆவியாதலை அறிவியலாகவும், ஊர்க் குளத்தைச் சமூகப் பாடமாகவும், மழைப்பாட்டை மொழிப் பாடமாகவும் குழந்தை கற்கிறது. நம் நாட்டில் 1937-ல் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழில் ஒன்றை நடுவாக வைத்துப் பிற பாடங்களை இணைக்க முயன்றதை அறிந்தவர்க்கு இம்முறை அந்நியமாகத் தோன்றாது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை 3 முதல் 8 வயது வரையிலான பருவத்தை ஒரே அடிப்படைக் கட்டமாக வகுத்து, விளையாட்டும் செயலும் வழியாகக் கற்பித்தலை வலியுறுத்துவதும் இத்திசையிலேயே ஆகும்.

மேல்நிலையில் மாணவர் ஆறு பாடங்களைத் தேர்ந்தெடுக்கின்றனர். முதல்மொழி இலக்கியம், மற்றொரு மொழி, சமூக அறிவியல், இயற்கை அறிவியல், கணிதம் ஆகிய ஐந்து பிரிவுகளிலிருந்து ஒவ்வொன்றும், கலைப் பிரிவிலிருந்தோ முன்கூறிய பிரிவுகளிலிருந்தோ ஆறாவதும் அமையும். பொதுவாக மூன்று பாடங்கள் உயர்நிலையிலும் மூன்று பாடங்கள் பொதுநிலையிலும் பயிலப்படுகின்றன. உயர்நிலைப் பாடத்துக்கு 240 மணி நேரமும் பொதுநிலைப் பாடத்துக்கு 150 மணி நேரமும் பரிந்துரைக்கப்பட்டுள்ளன. பாடம் ஒன்றுக்கு 7 புள்ளிகள் வீதம் 42 புள்ளிகள். இவற்றோடு, அறிவு எவ்வாறு பெறப்படுகிறது என்பதை ஆராயும் பாடத்துக்கும், 4,000 சொற்களுக்கு மிகாத ஆய்வுக் கட்டுரைக்கும் சேர்த்து 3 புள்ளிகள். ஆக மொத்தம் 45 புள்ளிகள். கலை, உடற்பயிற்சி, சமூகத்தொண்டு ஆகியவற்றில் ஈடுபடுவதும் கட்டாயம்.

இப்பாடத்திட்டத்துக்கு மாற்றாகக் கேம்பிரிட்ஜ் தேர்வுகளை மேற்கொள்ளும் பள்ளிகளும் பல. கேம்பிரிட்ஜ் உறவு நமக்குப் பழையது. ஆங்கிலோ-இந்தியப் பள்ளிகளில் கடல் கடந்து வந்த அத்தேர்வுக்கு மாற்றாகவே, இந்தியப் பள்ளிச் சான்றிதழ்த் தேர்வுகள் மன்றம் 1958-ல் அமைக்கப்பட்டது. வெளிநாட்டுத் தேர்வைக் களைந்து உள்நாட்டுத் தேர்வை அமைத்த நாட்டில், 1988-ல் தோன்றிய கேம்பிரிட்ஜின் ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வு பின்னர் மீண்டும் இடம்பெற்றது சிந்தனைக்குரியது. அன்று அது ஆட்சியின் வழியே வந்தது. இன்று சந்தையின் வழியே வருகிறது.

இருபாலர் கல்வி

சர்வதேசப் பள்ளிகளில் இருபாலரும் சேர்ந்து பயில்வது இயல்பான நிலையாக உள்ளது. நம் நாட்டின் பழைய விடுதிப் பள்ளிகள் பல ஆண்களுக்கென்றே அமைந்தவை. 1875-ல் தொடங்கிய அஜ்மீர் மேயோ கல்லூரியும் 1935-ல் தொடங்கிய டேராடூன் பள்ளியும் இவ்வகையின. 1960-களின் தொடக்கத்தில் ஹன்ஸா மேத்தா தலைமையில் அமைந்த குழு, ஆண், பெண் என்ற வேறுபாட்டின் அடிப்படையில் பாடத்திட்டத்தைப் பிரிக்கலாகாது என்ற கருத்தை நிலைநாட்டியது. கணிதமும் அறிவியலும் ஆண்களுக்கு, மனையியல் பெண்களுக்கு என்ற பாகுபாடு தகர்வதற்கு அக்குழுவின் சிந்தனை பெரிதும் உதவிற்று.

ஒரே வகுப்பறையில் அமர்த்துவதால் மட்டும் சமத்துவம் வந்துவிடாது. ஆய்வுக்கூடத்தில் கருவியைக் கையாள்பவர் யார், குறிப்பெழுதுபவர் யார். விளையாட்டுத்திடலின் நேரம் எவ்வாறு பங்கிடப்படுகிறது. விடுதியின் பாதுகாப்பு எத்தகையது என்பவை கவனிக்கத்தக்கவை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டம், கட்டண வேறுபாடின்றி எல்லாப் பள்ளிகளையும் கட்டுப்படுத்தும் என்பதை நிர்வாகங்கள் மறத்தலாகாது.

செலவும் கட்டணமும்

இப்பள்ளிகளில் கட்டணம் ஏன் உயர்ந்துள்ளது? இதற்கு விடை காண ஒரு கற்பனைக் கணக்கைக் காண்போம். ஓர் ஆசிரியருக்கு ஆகும் ஆண்டுச் செலவு 9 லட்சம் ரூபாய் என்றும், அவர் ஐந்து வகுப்புக் குழுக்களுக்குப் பாடம் நடத்துகிறார் என்றும் கொள்வோம். குழு ஒன்றுக்கு 1,80,000 ரூபாய் ஆகிறது. குழுவில் 36 மாணவர் இருப்பின், மாணவர் ஒருவருக்குப் பாடம் ஒன்றுக்கு 5,000 ரூபாய். ஆறு பாடங்களுக்கு 30,000 ரூபாய். மாணவர் 18 பேராயின் இத்தொகை 60,000 ஆகும். 6 பேரே ஆயின் 1,80,000 ஆகும். ஆசிரியர் ஊதியம் ஒரு காசும் உயராத நிலையிலேயே செலவு ஆறு மடங்காகிறது.

மேல்நிலையில் மாணவருக்கு விரிந்த பாடத் தேர்வை அளிக்கும் பள்ளியில், ஒரு பாடத்துக்கு ஆறேழு பேரே சேர்வது இயல்பு. எனவே உயர்செலவின் முதற்காரணம் ஆடம்பரக் கட்டடம் அன்று; சிறு குழுவும் பாடத் தேர்வின் விரிவுமே ஆகும். இவற்றோடு வெளிநாட்டு ஆசிரியர் ஊதியம், ஐ.பி. அமைப்புக்குச் செலுத்தும் ஆண்டுக் கட்டணம், தேர்வுக் கட்டணம், ஆசிரியர் பயிற்சிச் செலவு, நகர நிலத்தின் விலை ஆகியவை சேர்கின்றன.

ஆயினும், கட்டணம் முழுவதையும் செலவு கொண்டே விளக்கிவிட இயலாது. கல்வியின் தரத்தைப் பெற்றோர் முன்கூட்டியே அளந்தறிய முடியாது. பயன் பல ஆண்டுகள் கழித்தே தெரியும். இத்தகைய சந்தையில், விலையே தரத்தின் அடையாளமாகக் கருதப்படும் நிலை ஏற்படுகிறது. கட்டணம் குறைந்த பள்ளியை ஐயுறும் பெற்றோர், உயர்ந்த கட்டணத்தை உறுதிச் சீட்டாக எண்ணுகின்றனர். மேலும், பிறர் பெறாத ஒன்றைத் தம் பிள்ளை பெறுதல் வேண்டும் என்ற விருப்பமும் தேவையைப் பெருக்குகிறது. இந்தப் பகுதிக் கட்டணம் கல்விக்குக் கொடுக்கும் விலையன்று. சமுதாய நிலைக்குக் கொடுக்கும் விலை. இதனால் நாட்டின் மொத்தக் கல்வி வளம் சிறிதும் பெருகுவதில்லை.

சட்டத்தின் நோக்கு

2002-ல் டி.எம்.ஏ. பாய் அறநிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம், கல்வி நிறுவனத்தை நிறுவி நடத்துவது அரசியலமைப்பின் 19(1)(ஜி) பிரிவின்கீழ் உரிமையாகும் எனத் தீர்ப்பளித்தது. வளர்ச்சிக்கு வேண்டிய நியாயமான உபரியை ஈட்டலாம். கொள்ளை இலாபமும் நன்கொடைக் கட்டாயமும் கூடா என்பது அத்தீர்ப்பின் சாரம். கட்டணத்தை ஒழுங்குபடுத்த மாநிலங்களும் சட்டமியற்றியுள்ளன. தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டுச் சட்டமும், மகாராஷ்டிரத்தின் 2011ஆம் ஆண்டுச் சட்டமும், குஜராத்தின் 2017ஆம் ஆண்டுச் சட்டமும் குறிப்பிடத்தக்கவை.

வரிச்சலுகையும் கவனத்துக்குரியது. கல்விப்பணி அறப்பணியாகக் கருதப்படுவதால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு வருமானவரி விலக்கு கிடைக்கிறது. மேல்நிலை வரையிலான பள்ளிக் கல்விக்குச் சரக்கு மற்றும் சேவை வரியும் இல்லை. 2022-ல் நியூ நோபிள் கல்விச் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம், இச்சலுகை கோரும் நிறுவனம் கல்வியை மட்டுமே நோக்கமாகக் கொண்டிருத்தல் வேண்டும் என வலியுறுத்தியது. பள்ளியை நடத்துவது அறக்கட்டளை. நிலத்தையும் கட்டடத்தையும் மேலாண்மைச் சேவையையும் வாடகைக்கும் கட்டணத்துக்கும் அளிப்பது அறங்காவலர்களைச் சார்ந்த நிறுவனம் என்ற ஏற்பாடு இருக்குமாயின், உபரி வாடகை வடிவில் வெளியே செல்ல வழி ஏற்படும். கணக்குகளைத் தணிக்கை செய்வோர் வருவாய்ப் பக்கத்தைவிடச் செலவுப் பக்கத்தைக் கூர்ந்து நோக்க வேண்டிய இடம் இது.

இருபத்தைந்து விழுக்காடு

2010 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்த கட்டாய இலவசக் கல்விச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவு, அரசு உதவி பெறாத பள்ளிகள் முதல் வகுப்பில் குறைந்தது 25 விழுக்காடு இடங்களை அண்டைப் பகுதியிலுள்ள நலிந்த பிரிவினர் மற்றும் வாய்ப்பு மறுக்கப்பட்டோர் குழந்தைகளுக்கு அளிக்க வேண்டும் என்கிறது. பள்ளியில் மழலையர் வகுப்பு இருப்பின் சேர்க்கை அங்கிருந்தே தொடங்கும். 2012-ல் உச்ச நீதிமன்றம் இப்பிரிவைச் செல்லத்தக்கதெனத் தீர்ப்பளித்தது. உதவி பெறாத சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு விலக்களித்ததோடு, விடுதி மாணவருக்குச் சட்டம் பொருந்தாது, வீட்டிலிருந்து வந்து படிப்போர்க்கே பொருந்தும் என்றும் கருத்துரைத்தது. 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பு, உதவி பெறும் சிறுபான்மையினர் பள்ளிகளுக்கும் விலக்கை விரிவுபடுத்தியது. ஆக, மலைநகர விடுதிப் பள்ளிகளுக்கும் நகரத்துப் பகற்பள்ளிகளுக்கும் சட்டத்தின் பொறுப்பு வேறுபடுகிறது.

அரசு ஈடுசெய்யும் தொகை, அரசுப் பள்ளியில் மாணவர் ஒருவருக்கு ஆகும் செலவு, அல்லது பள்ளி வசூலிக்கும் கட்டணம் ஆகிய இரண்டில் குறைந்ததாகும். எடுத்துக்காட்டாக, பள்ளிக் கட்டணம் 5 லட்சமும் அரசுச் செலவு 30,000 ரூபாயும் ஆயின், பள்ளிக்குக் கிடைப்பது 30,000 ரூபாயே. எஞ்சிய சுமை பிற பெற்றோரின் கட்டணத்தில் அடங்கும். குறைந்த கட்டணப் பள்ளிக்கு இது பெரும் சுமையாகாது. உயர்கட்டணப் பள்ளி முணுமுணுப்பதற்குக் காரணம் இதுவே. ஆனால் நிலமோ பிற சலுகையோ பெற்று, அதற்கு ஈடாக இலவச இடங்களை அளிக்க முன்பே கடமைப்பட்ட பள்ளி, அவ்விடங்களுக்காக ஈட்டுத்தொகை கோர இயலாது என்றும் சட்டம் கூறுகிறது.

இவற்றினும் முக்கியமான சிக்கல் ஒன்றுண்டு. சட்டத்தின் பாதுகாப்பு தொடக்கக் கல்வி முடியும் வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரையே. பள்ளியோ பன்னிரண்டாம் வகுப்பு வரை செல்கிறது. வீட்டுவேலை செய்யும் தாயின் மகள் ஒருத்தி நான்கு வயதில் இத்தகைய பள்ளியில் சேர்கிறாள் என்று கொள்வோம். பத்தாண்டுகள் அந்த மொழியில், அந்த முறையில், அந்தத் தோழியரோடு பயில்கிறாள். பதினான்கு வயதில், ஒன்பதாம் வகுப்பின் வாயிலில், பல லட்ச ரூபாய்க் கட்டணம் அவள்முன் நிற்கிறது. வெளியேறி வேறு பாடத்திட்டத்துக்கு மாறினால், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு இரண்டே ஆண்டுகள் உள்ளன. ஏணியின் பாதியில் நிறுத்தப்பட்டவள் நிலை அது. சேர்க்கை எண்ணிக்கையை மட்டும் கொண்டு இத்திட்டத்தின் வெற்றியை அளத்தல் கூடாது. எட்டாம் வகுப்புக்குப் பின் எத்தனை பேர் தொடர்ந்தனர் என்பதே உண்மையான அளவுகோல்.

சமநிலையும் உயர்கல்வியும்

இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் 1983 முதல் ஐ.பி. பட்டயத்தைப் பல்கலைக்கழக அனுமதிக்குரிய தகுதியாக ஏற்று வருகிறது. ஆயினும் சமநிலை வேறு. குறிப்பிட்ட படிப்புக்கான தகுதி வேறு. இவ்வேறுபாட்டை அறியாமல் இடர்ப்படும் குடும்பங்கள் உண்டு.

மருத்துவப் படிப்பை எடுத்துக்கொள்வோம். அதற்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய மூன்றும் வேண்டும். ஐ.பி. பட்டயத்தின் பொதுவிதிப்படி அறிவியல் பிரிவிலிருந்து ஒன்றும், ஆறாவது பாடத்துக்கு மாற்றாக மற்றொன்றுமாக இரண்டையே எடுக்க இயலும். மூன்றையும் எடுக்கத் தனி அனுமதி வேண்டும். இதனைப் பதினோராம் வகுப்பின் தொடக்கத்திலேயே முடிவுசெய்தல் அவசியம். பொறியியல், மருத்துவ நுழைவுத் தேர்வுகளின் வினா அமைப்பும் இப்பள்ளிகளின் கற்பித்தல் முறையும் வேறானவை. வெளிநாட்டில் பயில எண்ணி இப்பாடத்திட்டத்தில் சேர்ந்த மாணவர், குடும்பச் சூழ்நிலை மாறி உள்நாட்டில் தங்க நேரின் தனி உழைப்பு தேவைப்படும். சேர்க்கையின்போதே இதனைப் பெற்றோரிடம் எழுத்தில் தெரிவிப்பது பள்ளியின் கடமையாகும்.

மொழியும் இத்தகைய ஒரு பொருள். ஐ.பி. திட்டத்தில் மாணவர் தம் தாய்மொழி இலக்கியத்தைப் பள்ளியின் துணையோடு தாமே பயிலவும் வழியுண்டு. தமிழ்நாடு 2006-லும், கர்நாடகம் 2015-லும், கேரளம் 2017-லும், மகாராஷ்டிரம் 2020-லும் தத்தம் மாநில மொழியைப் பள்ளிகளில் கற்பிப்பதற்குச் சட்டம் இயற்றின. தான் வாழும் ஊரின் கடைத்தெருவில் பேச இயலாத மாணவரை உலகக் குடிமகன் என்று கூறுவது பொருந்தாது. ஊரை அறிந்த பின்னரே உலகை அறிய முடியும்.

பொதுத்துறையில் ஓர் ஒப்புமை

பல மொழி, பல பண்பாட்டு மாணவர் சேர்ந்து வாழும் இருபாலர் விடுதிப் பள்ளி, செல்வர்க்கே உரியது என்று எண்ண வேண்டியதில்லை. 1985-86-ல் ஹரியானாவின் ஜஜ்ஜரிலும் மகாராஷ்டிரத்தின் அமராவதியிலும் சோதனையாகத் தொடங்கிய நவோதயா வித்யாலயங்கள் இன்று 650-ஐத் தாண்டியுள்ளன. குறைந்தது 75 விழுக்காடு இடங்கள் கிராமப்புற மாணவருக்கு உரியவை. மூன்றில் ஒரு பங்கு மாணவியருக்கு. இந்தி வழங்கும் மாவட்டத்துக்கும் இந்தி வழங்காத மாவட்டத்துக்கும் இடையே ஒன்பதாம் வகுப்பு மாணவரில் ஒரு பகுதியினர் ஓராண்டு இடம் மாறிப் பயிலும் ஏற்பாடு இவற்றின் தனிச்சிறப்பு. தமிழ்நாட்டில் இப்பள்ளிகள் தொடங்கப்படவில்லை. எனினும், வேற்றுமொழி நண்பனின் ஊரில் ஓராண்டு வாழ்வது சர்வதேசப் பள்ளி தரும் அனுபவத்துக்குச் சிறிதும் குறைந்ததன்று என்ற கருத்து எவ்விடத்தும் பொருந்துவதே.

பொதுப் பள்ளிகள் இச்சிறு பள்ளிகளிலிருந்து செலவின்றிப் பெறத்தக்கவை சில உண்டு. மனப்பாடத்தை அளக்காத வினாத்தாள், மாணவர் தாமே தேடி எழுதும் கட்டுரை, ஆசிரியர்கள் வாரந்தோறும் கூடிப் பாடம் திட்டமிடும் பழக்கம், சமூகத்தொண்டைப் பாடத்தின் பகுதியாகக் கொள்ளுதல் ஆகியவை அவை. நான்கு பேர் குழுவும் நீச்சற்குளமும் இல்லாமலே இவற்றைச் செய்யலாம்.

செய்யத்தக்கவை

மேற்கண்ட ஆய்விலிருந்து சில முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, ஒவ்வொரு சுயேச்சைப் பள்ளியும் தன் அங்கீகாரம், தேர்வு அமைப்பு, முழுக் கட்டணம், ஆசிரியர் தகுதி, அறங்காவலரைச் சார்ந்த நிறுவனங்களோடு கொண்டுள்ள வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றை ஆண்டுதோறும் வெளியிடச் செய்தல் வேண்டும். கட்டண உச்சவரம்பை விதிப்பதைவிட, உண்மையை வெளியிடச் செய்வது சந்தையைச் சீர்படுத்தும் எளிய வழி. இரண்டாவதாக, 25 விழுக்காட்டுப் பிரிவில் சேர்ந்த மாணவர் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தொடர, பள்ளியும் அரசும் பங்கிட்டுக்கொள்ளும் உதவித்தொகை அமைதல் வேண்டும். மூன்றாவதாக, வரிச்சலுகை பெறும் பள்ளி, தன் ஆய்வுக்கூடத்தையும் ஆசிரியர் பயிற்சியையும் அருகிலுள்ள அரசுப் பள்ளியோடு பகிர்ந்துகொள்ளுதல் வேண்டும்.

1964-66 கோத்தாரி குழு அனைவருக்கும் பொதுவான பள்ளி முறையையும் அண்மைப் பள்ளியையும் பரிந்துரைத்தது. தேசிய வருமானத்தில் 6 விழுக்காட்டைக் கல்விக்கு ஒதுக்க வேண்டும் என்ற இலக்கையும் அதுவே வகுத்தது. 2020ஆம் ஆண்டுக் கொள்கையும் இந்த 6 விழுக்காட்டு இலக்கை மீண்டும் உறுதிசெய்துள்ளது. அந்த இலக்கை அடைவதற்கு 200 சர்வதேசப் பள்ளிகள் தடையுமல்ல, மாற்றுமல்ல. அவற்றின் சுதந்திரத்தைப் பறிப்பதால் ஒரு கிராமப் பள்ளியின் கரும்பலகையும் புதிதாகப் போவதில்லை. அதே வேளையில், நாட்டின் அலுவலரும் தொழில்துறையினரும் தம் பிள்ளைகளைப் பொதுப் பள்ளியிலிருந்து முற்றிலும் விலக்கிக்கொள்வார்களானால், அப்பள்ளியின் கூரை ஒழுகுவதைக் கேட்பதற்குக் குரலுள்ளோர் எவரும் எஞ்சமாட்டார். இந்த இழப்பு எந்தக் கணக்கேட்டிலும் பதிவதில்லை. ஆயினும் பெரிய இழப்பு அதுவே. பதினான்கு வயதில் ஏணியின் பாதியில் நிற்கும் அம்மாணவியை மேலே ஏற்றிவிடும் பள்ளியே, தன் பெயரிலுள்ள 'சர்வதேசம்' என்ற சொல்லுக்கு உரிமை பெறும்.